ஆதாயம் நின்ற இடத்தில்

நன்மையொன்றைச் செய்பவன் அதனால் தானும் ஆதாயம் அடைந்தால், அது நன்மையாகாமற் போய்விடுமா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினா, இன்று அலுவலகங்களின் கணிப்பொறி அறைக்குள்ளும் வந்து நிற்கிறது.

வளரும் நாடுகளின் நிறுவனங்கள் சுற்றுச்சூழலுக்கு ஊறு குறைந்த கணிப்பொறி முறைகளை ஏன் மேற்கொள்கின்றன என்று நோக்கின், இரண்டு காரணங்கள் முன்னிற்கக் காண்கின்றோம். ஒன்று, செலவுச் சிக்கனம்; மற்றொன்று, சட்டத்தின் கட்டாயம். வேலையற்ற நேரத்தில் தாமே அணையும் திரைகளும், பல பொறிகளின் பணியை ஒன்றிலேயே அடக்கும் ஏற்பாடும் மின்கட்டணத்தைக் குறைப்பதால் விரைவில் வரவேற்பைப் பெறுகின்றன. இதில் குறைகாண நாம் விரும்பவில்லை. வீண்விரயம் எவ்வாறு ஒழிந்தாலும் நலமே.

ஆயின், அப்பொறி கழிக்கப்படும் நாளில்தான் சோதனை தொடங்குகிறது. முறைப்படி பிரித்தெடுக்கும் பதிவுபெற்ற ஆலையைக் காட்டிலும் காயலான் கடைக்காரர் பெரும்பாலும் கூடுதல் விலை தருகிறார். அவரால் அது எவ்வாறு இயலுகிறது? தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் செம்புக்காகக் கம்பிகளை எரிப்போரின் நுரையீரலும், மின்சுற்றுப் பலகைகளை அமிலத்தில் தோய்ப்போரின் வெறுங்கைகளும் அவ்விலையின் மீதியைச் செலுத்துகின்றன. பழைய திரைக் கண்ணாடியிலும் பற்றாசிலும் உள்ள ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

2022ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024இல் அறிவித்தன. இந்தியாவில் 2012 முதல் இதற்கு விதிகள் உள்ளன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள், பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவுபெற்றோரிடமே கழிவை ஒப்படைக்க வேண்டுமென்கின்றன. எனினும், ஒவ்வோர் அலுவலகத்தின் பின்வாயிலிலும் சட்டம் காவல் நிற்க இயலாதன்றோ?

ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகுமா எனச் சிலர் வினவலாம். ஒரு மடிக்கணிப்பொறியால் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதனை உருவாக்கும்போதே வெளியாகிவிடுகிறது. எனவே, பழுதுபார்த்து மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துவதே பெரும்பயன் தருவது. அது எளியோர்க்கும் எட்டுவதே.

ஆதாயம் நன்மையைக் கெடுப்பதில்லை; அது மட்டுமே நிய்யத்தாக அமைவதுதான் கெடுக்கிறது. சிக்கனம் ஒன்றையே கருதியவன் ஆதாயம் நின்ற இடத்தில் தானும் நின்றுவிடுவான். பிறருடைய மூச்சுக்காற்றும் தன்னிடமுள்ள அமானிதமே என உணர்ந்தவன் அதற்கப்பாலும் நடப்பான். நம் கடையிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் வெளியேறும் பழம்பொறி யார் கையில் சேர்கிறது என விசாரித்தறிவது, அதனை வாங்கிய நம் கடமையாகும்.