கீறல் விழாத கடிகாரம்

விருத்தாசலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பீங்கானைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிற்பேட்டைப் பக்கம் போனால், சூளையில் கோணிப்போன அகல் விளக்குகளும் மூக்கு உடைந்த பொம்மைகளும் ஃபியூஸ் கட்டைகளும் மதில் ஓரம் குவிந்து கிடக்கும். எங்கள் சொப்பு விளையாட்டுக்கு அந்தக் கழிசல்தான் பாத்திரம். மெருகேறிய பீங்கானில் ஆணியால் கிழித்தாலும் கோடு விழாது, கை தவறினால் சில்லு சில்லாகிவிடும் என்பதை ஆறு வயதிலேயே தெரிந்துகொண்டோம்.

அதனால்தான் புதுச்சேரியில் ஒரு கடிகாரக் கடையில் விற்பனைப் பையன், “செராமிக் வாட்ச் மேடம், எத்தனை வருஷம் கட்டினாலும் ஒரு ஸ்கிராட்ச் விழாது” என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. “கீழே விழுந்தா?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஜாக்கிரதையா வெச்சுக்கணும் மேடம்” என்றான். பிறகு கேட்டான்: “சாருக்கா மேடம்?”

இல்லை, எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். “சும்மாதான் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஊர் வந்து சேரும்வரை அந்தச் ‘சும்மா’ என்னை விடவில்லை. என்னால் வாங்க முடியாத விலையும் இல்லை. பிறகு எதற்காகத் தயங்கினேன்?

கடிகாரப் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அவர்களும் செராமிக் கடிகாரத்தின் முன்னால் தயங்குகிறவர்கள்தான். அந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. கடிகாரத்துக்கான செராமிக் எங்கள் ஊர்க் களிமண் அல்ல. சிர்கோனியம் ஆக்சைடு என்னும் மாவு. அதை அச்சில் அழுத்தி 1400 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். வேகும்போது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சுருங்கிவிடும். வெந்தபின் வைரத்தூள் கொண்டுதான் தேய்க்க முடியும். எஃகைவிடப் பல மடங்கு கடினம். வண்ணம் மேலே பூசியது அல்ல, உள்ளே கலந்தது, அதனால் வெளிறாது. 1986இல் ராடோவும் ஐடபிள்யூசியும் இந்த வகையில் கடிகாரம் செய்தன. 2000இல் ஷனேல் நிறுவனத்தின் ஜே12 வந்த பிறகு அது நாகரிக உலகத்தின் பேச்சாயிற்று. நம் ஓசூரில், டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன்கூடத் தன் மெல்லிய ‘எட்ஜ்’ வரிசையில் செராமிக் கடிகாரம் செய்திருக்கிறது.

இவ்வளவு மெச்சிவிட்டுப் பிரியர்கள் பின்வாங்குவது எங்கே? எஃகில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம், நசுங்கினால் தட்டி எடுக்கலாம். செராமிக் விண்டுபோனால் ஒட்டுப்போட வழியில்லை. அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். இருபது வருஷம் கழித்து அந்தப் பாகம் கிடைக்குமா? இன்னொரு குறையும் சொல்வார்கள்: பத்து வருஷம் கட்டினாலும் அது புதிதாகவே இருக்கும், கட்டியவரின் வாழ்க்கை அதில் ஏறாது. எஃகுக் கடிகாரத்தின் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கதை இருக்கும் என்பது அவர்கள் கட்சி. மாதக்கணக்கில் யோசிப்பார்கள், கடைக்குப் போய்க் கையில் கட்டிப் பார்ப்பார்கள், கழற்றிக் கொடுத்துவிட்டு வருவார்கள். அவர்களைப் பார்த்துக் கடையில் யாரும் “உங்களுக்கா?” என்று கேட்பதில்லை. அவர்களின் தயக்கத்துக்கு ரசனை என்று பெயர்.

என் தயக்கம் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அது என்னைத்தான் பார்த்தது. ‘எனக்கு எதுக்கு?’ என்றது.

அந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். என் அம்மா கல்யாணத்துக்கு முன்பு எங்கள் ஊரில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. அந்தக் கூலியில் சேர்த்த பணமும் தாத்தா வாங்கிய கடனும் சேர்ந்து அப்பாவின் மணிக்கட்டில் ஓர் எச்எம்டி கடிகாரமாக ஏறியது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. எழுபதுகளில் மாப்பிள்ளைக்கு மோதிரம், சங்கிலி என்று எழுதும் பட்டியலில் வாட்ச்சும் இருக்கும். எத்தனையோ பெண்களின் உழைப்பு அப்படி ஆண்களின் கையில் டிக் டிக் என்று ஓடியிருக்கிறது.

அது தினமும் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம். அப்பாவுக்கு மறந்துபோகும். காலையில் அடுப்பைப் பற்றவைத்த கையோடு அம்மாதான் அலமாரியிலிருந்து எடுத்துச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு வைப்பாள். நாற்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்டச் சாவி கொடுத்தவள் ஒரு நாள்கூட அதைக் கையில் கட்டியதில்லை. அப்பா போன பிறகு, “நீ கட்டிக்கயேன்மா” என்றேன். “எனக்கு எதுக்கு பாப்பா? நான் என்ன ஆபீசுக்கா போறேன்?” என்றாள். வீட்டில் எல்லோரும் நேரத்துக்குக் கிளம்பியது அவளால்தான். ஆனால் நேரம் அவளுக்குத் தேவையில்லாத பொருள் என்று அவளே நம்பினாள்.

தமிழ் படித்தவளுக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்குப் பொழுதை அளந்து சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், நீர் வழியும் கருவி இருக்கிறது. அரண்மனையில் காத்திருக்கும் அரசிக்குக் காத்திருப்பு மட்டும் இருக்கிறது. குறளின் காமத்துப்பாலில் தலைவி சுவரில் கோடு போட்டு நாளை எண்ணுகிறாள். எண்ணி எண்ணித் தேய்வது அவள் விரல். அவனுக்குப் பொழுது சொல்ல ஒரு கருவி, அவளுக்கு அவள் உடம்பே கருவி.

மேற்கிலும் கதை இதிலிருந்து அதிகம் விலகவில்லை. கைக்கடிகாரம் அங்கே முதலில் பெண்களின் நகை. 1868இல் பட்டெக் பிலிப் ஹங்கேரியச் சீமாட்டி ஒருவருக்குச் செய்த கைக்கடிகாரம் பெயர்பெற்றது. ஆண்கள் சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்மை என்று ஏளனம் செய்தார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் சட்டைப்பையைத் துழாவ நேரமில்லாதபோது கைக்கடிகாரம் ஆண்களுடையதாயிற்று. பிறகு ‘லேடீஸ் வாட்ச்’ சிறுத்துச் சிறுத்து, கண்ணுக்கு எட்டாத முள்ளோடு வளையலாகிவிட்டது. அந்தப் போர்க்காலத்தில் இருட்டிலும் தெரிய வேண்டும் என்று கடிகார முகத்தில் ரேடியம் பூசினார்கள். பூசியவர்கள் அமெரிக்காவின் இளம்பெண்கள். தூரிகையின் நுனி கூராக இருக்க வேண்டும் என்று அதை உதட்டில் வைத்துத் திருகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். நியூஜெர்சியில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. மற்றவர்கள் இருட்டில் மணி பார்ப்பதற்கு இந்தப் பெண்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். வாங்காமல் இருப்பது நல்லதுதானே? பூமி தாங்காத அளவுக்குப் பொருள் சேர்ந்துவிட்டது. ‘நீங்கள் இதற்குத் தகுதியானவர்’ என்று பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிற விளம்பரங்களின் பேச்சைத்தானே நானும் பேசுகிறேன்? ஒரு கடிகாரம் வாங்கியா விடுதலை வரப்போகிறது?

வராது. துறவின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் துறவுக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. மணிமேகலை உதயகுமாரனை விலக்குகிறாள். அவன் பின்னால் தன் நெஞ்சு போனதைச் சுதமதியிடம் ஒளிக்காமல் சொல்லவும் செய்கிறாள். ஆசையைப் பார்த்து, அதற்குப் பெயர் சொல்லி, பிறகு வேண்டாம் என்கிறாள். அதனால்தான் அது துறவு. ஆசைப்படவே அனுமதியில்லாதவள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்? பழக்கம் என்று சொல்லலாம். கீழ்ப்படிதல் என்றும் சொல்லலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே எளிமையாகத் தெரியும். நம் குடும்பங்கள் அந்த ஒற்றுமையை வசதியாகப் பயன்படுத்திக்கொண்டன. ‘அவங்களுக்கு எதிலும் ஆசையே கிடையாது’ என்பதைவிடப் பெரிய பாராட்டு நம் அம்மாக்களுக்குக் கிடைத்ததில்லை.

என் அம்மாவை ஏமாந்தவள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவள் தனக்கு எதுக்கு என்று நினைத்த பணத்தில்தான் நான் எம்.ஏ. படித்தேன். அந்தத் தயக்கத்தைத் தின்று வளர்ந்துவிட்டு அதை இழிவாகப் பேசினால் அது நன்றிகெட்டதனம். ஆனால் அதைத் தியாகம் என்று கும்பிட்டுவிட்டு என் மகளுக்கும் கைமாற்றிக் கொடுத்தால் அது அதைவிட மோசம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் நிற்க இடம் தேட வேண்டியிருக்கிறது.

எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன். எதையாவது வாங்கத் தயங்கும்போது, இதையே என் மகனுக்கு வாங்குவதாக இருந்தால் என்ன கேட்பேன் என்று பார்க்கிறேன். ‘உடையுமா? பழுது பார்க்க ஆள் உண்டா? விலைக்குத் தகுமா?’ என்று கேட்பேன். அதே கேள்விகள்தான் எனக்கும் எழுகின்றன என்றால் அந்தத் தயக்கம் நல்ல தயக்கம், அதன் பேச்சைக் கேட்கலாம். மகனுக்கு எழாத ஒரு கேள்வி எனக்கு மட்டும் எழுகிறது என்றால், கேட்பது நான் இல்லை. ஒரு பொருள் எனக்கு ஏற்றதா என்று யோசிப்பவள் அந்தப் பொருளின் முன்னால் நிமிர்ந்து நிற்கிறாள். அந்தப் பொருளுக்கு நான் ஏற்றவளா என்று யோசிப்பவள் குனிந்து நிற்கிறாள். பெண்களுக்கு வாங்கும் உரிமை வேண்டும் என்று பேசியிருக்கிறோம். முதல் வகையாகத் தயங்கும் உரிமையும் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் செராமிக் கடிகாரத்தைப் பற்றிப் பிரியர்கள் சொல்லும் குறை எனக்கு வேறொரு விதத்திலும் உறைத்தது. கீறலே விழாது, விழுந்தால் மொத்தமாகப் போய்விடும். பெண்ணின் மானத்துக்கு நாம் காலம் காலமாகச் சொல்லிவந்த இலக்கணம் இதுதான் அல்லவா? கண்ணாடி, மண்பாண்டம் என்று எத்தனை உவமை! ஆணுக்கு விழுகிற கீறல் அனுபவம், தேய்த்தால் பளபளக்கும். பெண்ணுக்கு விழக் கூடாது, விழுந்தால் ஒட்டாது. வாழ்ந்த சுவடே தெரியாத பொருளை மெச்சலாம், ஆனால் அதோடு வாழ்வது கஷ்டம் என்று ஒரு கடிகாரத்தைப் பற்றி ஆண்களால் இவ்வளவு தெளிவாக யோசிக்க முடிகிறது. அதே தெளிவோடு நம்மைப் பற்றியும் யோசிக்கலாம்.

எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அப்பாவின் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. அதன் கண்ணாடி முழுக்கக் கீறல். சாவி கொடுப்பது இப்போதும் அம்மாதான்.

போன மாதம் அவளைக் கண் பரிசோதனைக்குப் புதுச்சேரி கூட்டிப்போயிருந்தேன். திரும்பும்போது அந்தக் கடைக்கே போனோம். அதே பையன். இந்த முறை அவன் கேட்பதற்கு முன்பே, “எங்கம்மாவுக்குக் காட்டுப்பா” என்றேன். அம்மா கூசுவாள், ‘எனக்கு எதுக்கு’ என்பாள் என்று எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“இது பீங்கான்மா” என்று அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைக் கட்டிப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பிசிறு இருக்கிறதா என்று தடவினாள். பிறகு, வெந்த பொம்மையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி காதருகே பிடித்து நகத்தால் இரண்டு முறை சுண்டினாள். பையன் பதறிப்போய்க் கையை நீட்டினான்.

“நல்லாத்தான் வெந்திருக்கு. பிசிறும் இல்ல” என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஆனா கீழ போட்டா போச்சு. இந்த வெலைக்கு இது வேணாம் தம்பி. அந்தப் பக்கம் சில்வர்ல இருக்கு பாரு, பெரிய முள்ளு வெச்சது, அத எடு.”

“இது ஜென்ட்ஸ் வாட்ச் பாட்டி” என்றான் பையன்.

“எடுப்பா. மணி தெரியணும்ல?” என்றாள் அம்மா.