மிகைப்பயிற்சியும் மறுக்கும் உரிமையும்

கட்டிளமைப் பருவத்து விளையாட்டு வீரர் ஒருவர் உடல் தாங்கும் அளவுக்கு மேலாகப் பயிற்சி செய்து நலிவுறும்போது, அதற்குப் பொறுப்பாளர் யாவர் என்னும் வினா எழுகின்றது. அவரே விரும்பிச் செய்தார் என்பது வழக்கமான விடை. அவ்விடை எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

பயிற்சி உடலைத் தளர்த்துகின்றது. அதனைத் தொடரும் ஓய்விலேயே உடல் முன்னிலும் வலுப்பெறுகின்றது. ஓய்வு போதாதவிடத்து வேகம் குன்றும், உறக்கம் கெடும், சினமும் சோர்வும் மிகும். அந்நிலையில் ஓய்ந்திருத்தலே அறிவுடைமை. ஆயின், இளைஞர் பலர் தமது பின்னடைவை முயற்சிக் குறைவின் விளைவெனக் கருதிப் பயிற்சியை மேலும் கூட்டுகின்றனர். நோய்க்குக் காரணமானதே மருந்தாகக் கொள்ளப்படுகின்றது.

இம்மயக்கத்தின் வேர்கள் உளவியல் சார்ந்தவை. தான் யார் என்னும் வினாவுக்கு மனிதன் விடை தேடும் பருவம் கட்டிளமை என்பது எரிக் எரிக்சனின் கருத்து. 'ஓட்டக்காரன்' என்ற ஒரே விடையை அவ்வயதிற் பற்றிக்கொண்டவனுக்கு, ஓய்வுநாள் ஒவ்வொன்றும் தன்னையே இழக்கும் நாளாகத் தோன்றும். வெற்றியின்போது மட்டும் பெற்றோர் முகம் மலரக் கண்ட பிள்ளை, அன்பும் பதக்கத்தோடு வருவதென எண்ணும். பயிற்றுநரின் சினத்துக்கு அஞ்சி வலியை மறைக்கும்.

சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த எலேனா முகினாவின் வாழ்வு ஈண்டு நோக்கத்தக்கது. 1978இல், தமது 18ஆவது வயதில், ஜிம்னாஸ்டிக்கில் உலகச் சம்பியனான அவர், 1979இற் கால் முறிவுற்றார். அது நன்கு ஆறுமுன்பே மீண்டும் பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டார். மொஸ்கோ ஒலிம்பிக் விழாவுக்கு ஏறத்தாழ இரு வாரங்களே இருந்த நிலையில், 1980 யூலை 3ஆந் திகதி, தாம் அஞ்சிய பாய்ச்சலொன்றைப் பயிலுகையில் வீழ்ந்து கழுத்து முறிந்தது. 2006இல் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. வீழ்ந்த கணத்தில் தமக்கு முதலில் தோன்றியது, இனி ஒலிம்பிக்கிற்குச் செல்லவேண்டியதில்லை என்னும் நிம்மதியே எனப் பின்னாளில் அவர் கூறினார். ஓய்வைக் கேட்டுப் பெற இயலாத ஒருவருக்கு உடல் முறிவே அனுமதியாயிற்று.

துன்பமின்றிச் சாதனை இல்லை என்பர். உண்மையே. ஆயினும், தானே தேர்ந்த துன்பம் வேறு. மறுக்க வழியின்றி ஏற்ற துன்பம் வேறு. 'வேண்டாம்' எனக் கூற முடியாதவிடத்து 'வேண்டும்' என்ற சொல்லுக்குப் பொருளில்லை. எவரும் வற்புறுத்தாதபோதும், இளைஞனின் விருப்பம் அவனைச் சூழ்ந்தோரின் பாராட்டிலும் மௌனத்திலும் உருவானதே.

ஆதலால், அவன் விரும்புகின்றானா என்று வினவுதல் போதாது. நாளையே அவன் விளையாட்டை விட்டொழித்தால் வீட்டிலும் பாடசாலையிலும் அவனுக்குரிய இடம் குறையாதிருக்குமா என்பதே பெற்றோரும் பயிற்றுநரும் தம்மைக் கேட்கவேண்டிய வினா. அதற்கு ஆம் என்னும் விடையை அவன் ஐயமற அறிந்திருந்தாலன்றி, அவனது சம்மதத்தைச் சான்றாகக் காட்டும் தகுதி அவர்களுக்கு இல்லை.