புயலிற் காத்திருத்தல்

துன்பம் வந்துழி அதனை விலக்க வழியின்றிக் காத்திருத்தல் செயலாகுமா, செயலின்மையாகுமா என்பது ஆராயற்பாலதொரு வினாவாம். செயலின்மையே எனின், அதனால் உயிர்க்கு வரும் ஆக்கம் யாதுமில்லை. செயலே எனின், அஃது எத்தகைய செயல் என்பது விளங்குதல் வேண்டும். நகரத்தார் மரபில் வழங்கும் பிள்ளையார் நோன்பு இவ்வாராய்ச்சிக்குத் துணையாகும்.

காரைக்குடிக்கு அணித்தாகிய பிள்ளையார்பட்டி, நகரத்தார்க்குரிய ஒன்பது கோயில்களுள் ஒன்றை உடையது. ஆண்டுக் கற்பக விநாயகப் பெருமான் குன்றின் கல்லோடு ஒன்றிய திருவுருவினராய், இரு கரமும் வலம்புரித் துதிக்கையும் கொண்டு, வடக்கு நோக்கி எழுந்தருளியுள்ளார். அப்பெருமானை வழிபடும் நகரத்தாரின் முன்னோர் கடல்வழி வாணிகத்திற் சிறந்தவர். ஒருகால் அவர் சென்ற மரக்கலம் புயலில் அகப்பட, கரைகாணாது அலைந்த நாட்களை எண்ணுதற்கு உடுத்த ஆடையினின்றும் நாள்தோறும் ஓரிழை எடுத்து வைத்தனர் என்றும், 21ஆம் நாளிற் காற்றடங்கிற்று என்றும் செவிவழிச் செய்தி வழங்குகின்றது. இன்றும் திருக்கார்த்திகைக்குப் பின் 21 நாள் கழித்து, சதயமும் சஷ்டியும் கூடும் நாளில், 21 இழையாலாகிய திரியை இனிப்பு மாவிற் பதித்து நெய்யிட்டு ஏற்றிச் சுடரோடு உட்கொள்வர்.

கடலிற் கணவன் காற்றை நோக்கிக் காத்திருப்ப, மனையில் மனைவி அவன் வரவை நோக்கிக் காத்திருந்தாள். பிற்காலத்தே பர்மாவிற்குச் சென்ற நகரத்தார் பெரும்பாலும் மூன்றாண்டு தவணையில் ஆண்டுத் தங்க, மகளிர் ஊரிலேயே இருந்தனர். புயல் ஒருவர்க்கு, காத்திருத்தல் இருவர்க்கு. கருவுற்ற மகளிர் வயிற்றிலுள்ள மகவிற்கும் சேர்த்து இரண்டிழை கொள்ளும் வழக்கம், இத்துன்பம் குடும்பம் முழுமைக்கும் உரியது என்பதனைப் புலப்படுத்தும்.

அற்றேல், நோன்பினாற் காற்றடங்கிற்று எனக் கொள்வேமாயின், அடங்காத காற்றில் மாண்டார் அன்பிற் குறைந்தவரோ எனின், அன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைத் தாக்கிய பெரும்புயலில், அவ்வூரை அணுகிய புகைவண்டியைக் கடல் கொண்டது. அதிலிருந்தார் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவருள் இறைவனை நினைந்தார் ஒருவரும் இலர் எனக் கூறத் துணிவார் யார்? நினைந்தும் மாண்டார்க்கு நோன்பின் பயன் யாது? இவ்வினாவிற்கு விடை கூறாது நோன்பைப் புகழ்தல், இழந்தார் நெஞ்சைப் பின்னும் புண்படுத்துவதாகும்.

விடை சித்தாந்தத்தில் உளது. உடலெடுத்தற்கு ஏதுவாகிய பிராரத்த வினை நுகர்ந்தே கழிதற்பாலது. நுகருங்கால் அச்சத்தாலும் சினத்தாலும் உயிர் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். புயல் முன்னதன்பாற் படும். புயலில் நிற்கும் நிலை பின்னதன்பாற் படும். உயிர் இறைவனைச் சார்ந்து நிற்குமாயின், வந்த வினை உடலூழாய்க் கழியும், புதுவினை ஏறாது. ஆதலின் நோன்பின் பயன் காற்றடங்குதல் அன்று, நெஞ்சு அடங்குதலேயாம். காற்றடங்கினார்க்கும் அடங்காதார்க்கும் அப்பயன் ஒன்றே என்க.

இனி, இதனைச் சோம்பலுக்கு அரணாகக் கொள்ளற்க. புயலில் மீகாமன் பாயை இறக்குதலும் நீரை இறைத்தலும் தவிரான். துறைமுகத்திற் புயற்கூண்டு ஏற்றியிருப்பவும், இறைவன் காப்பான் என்று கலஞ்செலுத்துவான் பத்தன் அல்லன். தன்னை நம்பி உடன் வரும் மனைவி மக்கள்பால் பிழை செய்பவனே ஆவன். காற்றின் வரவை முன்னறியும் அறிவும் உயிர்க்கு இறைவன் விளக்கத் தோன்றியதே. அறிவு காட்டும் அனைத்தும் செய்து முடித்தபின் எஞ்சுவது காத்திருத்தல். ஆண்டு நாளொன்றுக்கு ஓரிழை எடுத்தலே செயலாம். நாளையை இன்றே அஞ்சாது, இன்றைக்குரிய இழையை மட்டும் எடுத்து வைத்தலிற் பெரிய தொழில் புயலிடைப் பட்டார்க்குப் பிறிதில்லை என்பதனைச் சைவ நன்மக்கள் சிந்தித்து உணர்வாராக.

திருச்சிற்றம்பலம்.