மலைக்கு நல்ல சேதி, ஊருக்கு?

மேட்டூர் அலுமினிய உருக்காலை 2008 கடைசியில் நின்றது, அதற்குத் தாது கொடுத்த மலைக்கு நல்ல சேதியா, கெட்ட சேதியா?

ஏற்காடு என்றாலே காபி, ஆரஞ்சு, படகுச் சவாரி என்பார்கள். ஆனால் சேர்வராயன் மலையின் தலைமேட்டில் படிந்திருப்பது பாக்சைட். 1965-ல் உற்பத்தி தொடங்கிய மால்கோ நிறுவனம், இங்கேயும் கொல்லிமலையிலும் அதை வெட்டி மேட்டூருக்கு இறக்கியது. ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட், 14,000 யூனிட் மின்சாரம். மிஞ்சுவது காரம் ஊறிய செஞ்சேறு. அதில் பெரும்பகுதி ஊரிலேயே தங்கிவிடும்.

2008-ல் உலகச் சந்தையில் அலுமினிய விலை சில மாதங்களில் பாதியானது. உருக்காலை நின்றது, அதன் சொந்த மின்நிலையம் ஓடியது. உலோகம் ஆக்கிய மின்சாரத்தை அப்படியே வெளியே விற்றார்கள். கணக்குப்படி சரிதான். ஆனா கரண்டு விற்க அத்தனை கை வேண்டாமே.

'மலை தப்பிச்சது' என்று கைதட்ட எனக்கும் ஆசை. ஆனால் என் போனிலும் அலுமினியம் இருக்கிறது. இங்கே வெட்டாவிட்டால் ஒடிசாவில் வெட்டுவார்கள். மால்கோவை வைத்திருந்த அதே வேதாந்தா குழுமத்தின் ஆலைக்காகத்தான் அங்கே நியம்கிரி மலையைத் தோண்டப் பார்த்தார்கள். கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். 2013-ல் 12 சபைகளும் வேண்டாம் என்றன. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அது நியமராஜாவின் மலை.

சேர்வராயன் சாமியின் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளை (கேரளத்தவர் அல்ல) 1960-களில் அப்படிக் கேட்கச் சட்டமே கிடையாது. ஆலையை மூடலாமா என்று தொழிலாளியிடம் வாக்கெடுக்கும் சட்டம் இன்றைக்கும் கிடையாது. திறக்கும்போது மேலே இருந்தவரைக் கேட்கவில்லை, மூடும்போது கீழே இருந்தவரின் சம்மதம் வேண்டியதில்லை. இந்த இரண்டு மௌனங்களையும் நாம் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இல்லை.

இப்போது மீட்சிப் பேச்சு. 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனை. விமானப் பாகம் செய்தால் அதற்கும் அலுமினியம்தான் வேண்டும்! மலைமேல் ரிசார்ட்டுகள் வேறு.

சரி, இரண்டு பேரையும் கேட்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். மலை வேண்டாம் என்கிறது, ஊர் வேண்டும் என்கிறது. அப்போ? மலையின் 'வேண்டாம்' கனமானது என்பேன். சீவிய மலைத்தலை திரும்ப முளைக்காது, வேலையை வேறு விதத்தில் உண்டாக்கலாம். ஆனால் அதை உண்டாக்கும் செலவை மேட்டூர்க்காரர் தலையில் கட்ட முடியாது. மலை பிழைக்கணும்னு விரும்புகிற என்னைப் போன்றவர்களின் வரிப்பணத்திலிருந்துதான் அது வர வேண்டும்.