ஞான யுத்தத்தில் தைரியம்



உலகம், பசாசு, சரீரம் என்னும் மூன்று சத்துருக்களைப் பற்றிச் சிறுவயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அவர்கள் எந்த வேஷத்தில் வருவார்கள் என்பதை மறந்துபோகிறோம். வாளோடும் தடியோடும் வருவார்கள் என்று எண்ணி வாசலைக் காக்கிறோம். அவர்களோ ஒரு சாதாரணப் பேச்சின் உருவில் புழக்கடை வழியாக நுழைந்துவிடுகிறார்கள்.

அர்ச். இராயப்பரைப் பாருங்கள். பெரிய வியாழன் இரவில் ஜெத்செமனித் தோட்டத்தில் சேவகர் கூட்டம் வந்து சூழ்ந்தபோது, அவர் வாளை உருவிப் பிரதான குருவின் ஊழியனாகிய மால்குஸ் என்பவனின் காதை வெட்டினார். அவரைக் கோழை என்று யார் சொல்லக்கூடும்? அதே இரவில், பிரதான குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்து நின்றபோது, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று ஒரு வேலைக்காரி கேட்டாள். அவள் கையில் ஆயுதம் ஒன்றுமில்லை. ஆயினும் இராயப்பர் விழுந்தார். ஒருமுறையல்ல, மும்முறை மறுதலித்தார்.

வாளுக்கு அஞ்சாதவர் வார்த்தைக்கு அஞ்சியது ஏன்? விழித்திருந்து செபிக்கும்படி ஆண்டவர் சொன்னபோது அவர் தூங்கினார். தம் சொந்தப் பலத்தையே நம்பியிருந்தார். சரீர தைரியம் வேறு, ஞான தைரியம் வேறு. முந்தினது சுபாவத்தால் வருவது. பிந்தினது இஷ்டப்பிரசாதத்தால் வருவது. அதை முழந்தாளில் நின்றுதான் பெறவேண்டும். அந்த இராயப்பரே, தேவமாதாவோடும் மற்ற அப்போஸ்தலர்களோடும் செபத்தில் நிலைத்திருந்து இஸ்பிரீத்துசாந்துவைப் பெற்றபின், சேசுநாதரைக் குற்றவாளி என்று தீர்த்த அதே ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று அவருடைய திருநாமத்தை அறிக்கையிட்டார். அன்று அவர் கையில் வாள் இல்லை; நெஞ்சில் பயமும் இல்லை.

நம் நாட்டிலேயும் ஓர் உதாரணம் உண்டு. நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நீலகண்டன், துன்பத்தால் மனம் நொந்திருந்த காலத்தில், டச்சுப் படையிலிருந்து வந்த டிலனாய் என்னும் தளபதியிடம் யோபுவின் சரித்திரத்தைக் கேட்டார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் சிறைப்பட்டார். அடித்தார்கள், எருமைமேல் ஏற்றி ஊரூராய்க் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். இவற்றையெல்லாம்விடக் கொடிய சோதனை ஒன்று இருந்தது. விசுவாசத்தை விட்டுவிட்டால் போதும், வேதனை தீரும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே ஏறக்குறைய மூன்று வருஷம் நாள்தோறும் நின்றார். 1752 ஜனவரி 14-ந் தேதி காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர் கொடுத்தார். அவர் குருவுமல்ல, சந்நியாசியுமல்ல. மனைவியோடு வாழ்ந்த இல்லறவாசி. 2022 மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரசித்தப்படுத்தினார்.

பிரியமானவர்களே, நம்மிடம் துப்பாக்கியோடு ஒருவரும் வரவில்லை. ஆனால் அந்த வேலைக்காரியின் கேள்வி தினந்தோறும் நம்மிடம் வருகிறது. கூட வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்களே என்று சாப்பாட்டுக்கு முன் சிலுவை அடையாளம் வரையக் கை கூசுகிறது. எல்லாரும் வாங்குகிறார்கள், நீ மட்டும் ஏன் வாங்கவில்லை என்று லஞ்சப் பணம் கேட்கிறது. பிள்ளைக்கு நோய் தீராதபோது, ஒரேயொரு தடவை குறி கேட்டால் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். இத்தனை வருஷம் செபித்து என்ன கண்டாய் என்று நடுராத்திரியில் நம் உள்ளத்துக்குள்ளேயே ஒரு குரல் பேசுகிறது. இங்கேதான் யுத்தகளம்.

உங்களிடம் அப்படிக் கேட்கிற மனிதனைச் சத்துருவாக எண்ணாதீர்கள். நம் போராட்டம் மாம்சமும் இரத்தமுமான மனிதரோடு அல்லவென்று அர்ச். சின்னப்பர் கற்பிக்கிறார். அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், பதிலை மட்டும் மாற்றாதீர்கள்.

உறுதிபூசுதல் என்னும் தேவதிரவிய அனுமானத்தைப் பெற்றிருக்கிறீர்கள். முந்தின சடங்குமுறையில் மேற்றிராணியார் தைலம் பூசியபின் கன்னத்தில் இலேசாய்த் தட்டுவார். கிறிஸ்துநாதருக்காக அவமானம் சகிக்க ஆயத்தமாயிரு என்பது அதன் பொருள். அந்த வரம் இன்னும் உங்களிடத்தில் இருக்கிறது, துருப்பிடிக்க விடாதீர்கள். காலைச் செபத்தை விடாதீர்கள். ஞாயிறு பூசையில் தேவநற்கருணை உட்கொள்ளுங்கள். குடும்பமாய் ஜெபமாலை சொல்லுங்கள். சிறு சோதனையில் உறுதியாய் நின்று பழகுகிறவனே பெரிய சோதனையில் நிலைநிற்பான்.

ஒருவேளை ஏற்கெனவே விழுந்திருக்கிறீர்களா? அதைரியப்படாதீர்கள். இராயப்பரும் விழுந்தார், ஆனால் சேவல் கூவியபோது வெளியே போய் மனங்கசந்து அழுதார். ஆண்டவர் அவரைத் தள்ளவில்லை. தம்முடைய மந்தையையே அவர் கையில் ஒப்புவித்தார். இந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். மறுபடி அந்தக் கேள்வி வரும்போது, ஆம், நானும் அவரைச் சேர்ந்தவன்தான் என்று சொல்லும் வரத்தை, அர்ச். தேவசகாயத்தின் வேண்டுதலால் சர்வேசுரன் நம் எல்லோருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.