விலையும் மதிப்பும்

“சந்தை கேட்பதைப் படி, மற்றதெல்லாம் வீண்” என்பது இன்று மாணவருக்கு ஓதப்படும் வேதம். கணினித் துறையில் இவ்வுபதேசம் மேலும் கண்டிப்பாக ஒலிக்கின்றது. நிரல் எழுதும் மொழிகள் பல. அவற்றுட் பலரும் கையாளும் ஒன்றைக் கற்றவனுக்கு வேலைக் கதவுகள் பல திறக்கின்றன; சிலரே கையாளும் மொழியில் தேர்ந்தவனுக்கோ விண்ணப்பிக்கவும் இடம் அரிது. “பயனற்றதைக் கற்றாய்” என்று பழியும் அவன்மீதே விழுகின்றது. இப்பழி நியாயமானதா?

எர்லாங் என்னும் நிரல் மொழியின் வரலாற்றை நோக்குவோம். சுவீடனின் எரிக்சன் கம்பனி ஆய்வுகூடத்தில் 1986 இல் ஜோ ஆம்ஸ்ட்ரோங் தொடங்கிய முயற்சியில் ரொபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோரும் இணைய, அது உருப்பெற்றது. தொலைபேசி இணைப்பகத்தில் ஒரு பகுதி பழுதுற்றாலும் ஏனையவை இடையறாது இயங்கவேண்டும் என்பதே நோக்கம். 1998 இல் அக்கம்பனியின் ஒரு பிரிவு, புதிய உற்பத்திகளில் எர்லாங்கைப் பயன்படுத்தலாகாதெனத் தடைசெய்தது. அவ்வாண்டு டிசெம்பரில் மொழி யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆம்ஸ்ட்ரோங் உள்ளிட்ட சிலர் கம்பனியைவிட்டு வெளியேறினர். 2014 இல், எர்லாங்கின்மீது எழுப்பப்பட்ட வட்ஸ்அப்பை வாங்க பேஸ்புக் 1900 கோடி டொலர் விலை பேசிற்று.

தடைசெய்யப்பட்ட நாளிலும் அம்மொழியின் அடிப்படை இதுவே. அதனைக் கற்றோரின் திறமையும் இதுவே. மாறியது விலை. விலையை மதிப்பென்று கொள்வது நம் காலத்தின் பெருமயக்கம்.

ஆயினும் இதனை வெற்றிக் கதையாகச் சொல்லி மாணவனைத் தேற்றுவதும் நேர்மையன்று. ஏறத்தாழ 45 கோடிப் பேர் பயன்படுத்திய அச்சேவையில் அப்பொழுதிருந்த பொறியியலாளர் 32 பேரே. கருவியின் ஆற்றல் பெருகிற்று, வேலை பெருகவில்லை. அரிய திறமைக்கு நல்ல சம்பளம் கிடைத்தலும் உண்டு. ஆனால் வேலை கொடுப்போர் சிலரேயாயின், ஓரிடத்தை இழந்தவன் மற்றோரிடம் தேடி அலையவேண்டும். “பிடித்ததைப் படி, வேலை தானே வரும்” என்ற இன்சொல் அரிசி வாங்க உதவாது.

அவ்வாறாயின் மாணவனுக்கு நாம் கூறக்கூடியது யாது? ஒரு மொழி பழக்கிய சிந்தனை அவனது செல்வம். பிழை நேருமென்று முன்னரே எதிர்பார்த்து, பழுதுற்ற பகுதியை மட்டும் நிறுத்தி மீளத் தொடங்குமாறு அமைக்கக் கற்றவன், அவ்வறிவை வேறு மொழிகளுக்கும் கொண்டுசெல்லலாம். வயிற்றுக்காக வழக்கிலுள்ள இன்னொரு மொழியைக் கற்பதும் அவனுக்கு இழிவன்று. மொழியின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்குவோரே தம் அளவுகோலை ஆராயவேண்டும். உழைக்கக் கற்றவனுக்கு வேலை கொடுக்க இயலாத அமைப்பின் குற்றத்தை அவன் தலையில் ஏற்றும் போதனை, ஆசிரியராகிய நமது வாயிலிருந்து வரலாகாது.