அயல்துறையில் கம்பி மாற்றுதல்

நெடும்பயணப் பாய்மரப் படகில் பாய்மரத்தைச் சாயாமல் பிடித்து நிற்பவை 19 இழை எவர்சில்வர் கம்பிவடங்கள். பத்தாண்டு ஆனதும் மாற்றிவிடுவது பொதுவழக்கம். பழுது பெரும்பாலும் முனையில்தான் தொடங்கும்: கம்பி முனையின் உலோகக் குழலுக்குள் நுழையும் இடத்தில் உப்புநீர் தேங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த வடத்தை நம்பக் கூடாது. அயல்நாட்டில் மாற்றும்போது அளவுதான் தலைவலி. அமெரிக்கப் படகின் 5/16 அங்குலக் கம்பி 7.94 மி.மீ.; கடையில் கிடைப்பதோ 8 மி.மீ. கம்பி. அது பொருந்தினாலும் முனையின் ஆணித்துளை பொருந்தாமல் போகலாம். முனையை அழுத்திப் பூட்டும் இயந்திரம் சிறிய துறைகளில் அரிது. ஸ்பேனரால் முறுக்கிப் பூட்டும் முனைகளே அங்கு கைகொடுக்கும். விலை கூடுதல்தான், ஆனால் கம்பியை மாற்றினாலும் அவற்றை மீண்டும் பயன்படுத்தலாம். பார்சலில் வரவழைக்கும் உதிரிபாகத்துக்கு, பயணத்திலுள்ள அயல்நாட்டுப் படகு என்ற முறையில் பல நாடுகள் சுங்கவரி விலக்கு அளிக்கின்றன.